ஒரு திரையில் நால்வர்: பிளவுத்திரை விளையாட்டுக்களின் இயங்குதிறன் பற்றிய ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டுக்களை மதிப்பிடும் எழுத்துக்களில் இயங்குதிறன் என்பது பெரும்பாலும் ஓர் எண்ணாகவே பேசப்பட்டு வந்துள்ளது. திரையிலே செக்கனுக்கு எத்தனை படங்கள் தோன்றுகின்றன, ஒவ்வொரு படமும் எத்தனை புள்ளிகளால் ஆனது என்பனவே அங்கு அளவுகோல்கள். இவ்வெண்களைப் பதிவு செய்வதில் தவறெதுவுமில்லை. ஆயின், இவ்வளவைகள் பெரும்பாலும் ஒருவர் தனித்திருந்து விளையாடும் வேளையிலேயே எடுக்கப்படுகின்றன. ஒரே கொன்சோலில், ஒரே தொலைக்காட்சியின் முன்னே, இருவரோ நால்வரோ அமர்ந்து திரையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அதே ஆக்கம் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பது ஒரு பின்குறிப்பாகவே எஞ்சிவிடுகின்றது.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் திகதி, '343 இன்டஸ்ட்ரீஸ்' நிறுவனம், தான் உருவாக்கிய 'ஹேலோ இன்ஃபினிட்' விளையாட்டின் கதைப்பகுதியில் இருவர் ஒரே திரையில் கூடி ஆடும் வசதியைக் கைவிடுவதாக அறிவித்தது. அவ்வறிவிப்பை ஒட்டி எழுந்த வாதங்களில் இரு நிலைப்பாடுகள் எதிரெதிரே நின்றன. இயந்திரத்தின் வலு போதாது. ஆகவே இது தவிர்க்கமுடியாதது என்றனர் ஒரு சாரார். ஒரு பிரதியை நால்வர் பகிர்வதிலும் பார்க்க நான்கு பிரதிகளை விற்பதே ஆதாயம். ஆகவே இது வாணிக நோக்கின் விளைவு என்றனர் மறு சாரார். இரண்டும் அரை உண்மைகள். முன்னது இயந்திரத்தை விதியாக்குகின்றது. பின்னது இயந்திரமே இல்லாததுபோலப் பேசுகின்றது. எந்த ஆக்கம் எதனைக் கொடுத்து எதனைப் பெற்றது என்பதைத் தனித்தனியே நோக்கினாலன்றி இவ்விடயத்தில் தெளிவு பிறவாது.

முதற்கண் இயந்திரத்தின் பக்கத்தை நோக்கலாம். செக்கனுக்கு 60 படங்கள் காட்டவேண்டுமாயின், ஒவ்வொரு படத்தையும் ஆக்குவதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மட்டுமே. 30 படங்கள் போதுமெனின் அந்நேரம் 33.3 மில்லிசெக்கனாக இரட்டிக்கும். இக்குறுகிய பொழுதினுள் ஆட்டக்காரரின் விரலசைவை வாங்குதல், பொருள்களின் மோதலைக் கணித்தல், எதிரிகளின் நடத்தையைத் தீர்மானித்தல், ஒலியைக் கலத்தல், இறுதியாகக் காட்சியை வரைதல் ஆகிய யாவும் நிறைவேறவேண்டும். எங்கேனும் ஒன்று தாமதித்தால் படம் உரிய வேளையில் வந்து சேராது, காட்சி இழுபடும்.

திரையை இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொருவருக்கும் பாதித் திரைதானே, ஆகவே வேலையும் பாதிதானே என்று கருதுவோர் உளர். இக்கருத்து ஒரு பகுதியளவிலேயே சரியானது. 1920க்கு 1080 என்ற அளவுடைய திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. அதனை இரண்டாக்கினாலும் நான்காக்கினாலும் மொத்தப் புள்ளிகள் கூடுவதில்லை. புள்ளிகளுக்கு நிறந்தீட்டும் வேலை, ஆகவே, பெரிதும் மாறுவதில்லை. ஆனால் அப்புள்ளிகளில் எவ்வுருவம் விழவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை பார்வைக்கொருமுறை நிகழவேண்டியது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் கண்ணுக்கும் எது புலப்படும், எது மறையும் என்று பிரித்தறிதல், புலப்படும் ஒவ்வொரு பொருளையும் வரையுமாறு வரைகலைச் செயலிக்குக் கட்டளையிடல், அப்பொருளின் முக்கோணங்களை அப்பார்வைக்கேற்ப இடம்மாற்றல், அப்பார்வைக்குரிய நிழல்களைக் கணித்தல் என்பன இருவர்க்கு இருமடங்காகவும் நால்வர்க்கு நான்மடங்கை அணுகியும் பெருகுகின்றன. கட்டளையிடும் சுமை மையச் செயலியின் மேல் விழுவதனால், வரைகலைச் செயலி ஓய்ந்திருக்க மையச் செயலி திணறும் நிலையும் உண்டு. திரையின் கூர்மையைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் எளிய பரிகாரம் இத்தகைய வேளைகளிற் பலிப்பதில்லை.

நினைவகத்தின் சிக்கல் இதனின்றும் வேறானது. சில வேளைகளில் இதனினும் கொடியது. பரந்த உலகங்களைக் கொண்ட அண்மைக்கால விளையாட்டுக்கள், ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைச் சூழவுள்ள பகுதியை மட்டுமே நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அவர் நகர நகர எஞ்சியதைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து வருகின்றன. இருவர் அருகருகே நடந்தால் இவ்வேற்பாடு குலைவதில்லை. ஒருவர் மலையுச்சிக்கும் மற்றவர் கடற்கரைக்கும் சென்றுவிட்டால், இரண்டு சூழல்களும் ஒருங்கே நினைவகத்தில் தங்கவேண்டும். கணினியாயின் உரிமையாளர் மேலும் நினைவகம் வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். கொன்சோலில் விற்பனை நாளன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இறுதிவரை. இவ்விறுக்கமே கொன்சோல் ஆக்கங்களின் வலிமைக்கும் காரணம் என்பதை மறத்தலாகாது. எல்லை தெரிந்திருப்பதனாலேயே அவ்வெல்லைக்குள் நுணுக்கமாக வேலைசெய்ய முடிகின்றது.

1992ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆக்கங்கள் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கன. அவ்வாண்டு சேகா நிறுவனத்தின் 'சோனிக் த ஹெட்ஜ்ஹொக் 2' இருவர் ஓட்டப்போட்டி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஒருவர்க்கென வகுக்கப்பட்ட வேகமான ஓட்டத்தை இருவர்க்கு எவ்வாறு காட்டுவது? ஒன்றுவிட்ட வரிகளாகக் காட்சியை வரையும் முறையைக் கையாண்டு, செங்குத்துக் கூர்மையை இரட்டித்து, ஒவ்வொருவரின் காட்சியையும் பாதி உயரத்துள் அமுக்கினர். விளைவு, உருவங்கள் யாவும் சப்பையாய்த் தோன்றின; ஓட்டமே உயிரான அவ்விளையாட்டில் ஓட்டம் அடிக்கடி தளர்ந்தது. தொழில்நுட்பச் சாமர்த்தியம் இதிற் குறைவன்று. ஆயினும் அது பின்னர் ஒட்டவைக்கப்பட்ட துண்டு என்பதைப் பார்ப்பவர் எவரும் உணர்வர்.

நின்டென்டோவின் 'சூப்பர் மாரியோ கார்ட்' எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1990இல் வெளிவந்த 'எஃப்-சீரோ' ஒருவர் மட்டுமே ஆடும் காரோட்டமாக இருந்ததனால், இருவர் ஆடக்கூடிய காரோட்டம் ஒன்றை ஆக்குவதே இதன் தொடக்க நோக்கமாக அமைந்தது. ஆகவே திரை முதல் நாளிலிருந்தே இரண்டாகப் பிளந்திருந்தது. ஒருவர் தனித்து ஆடும்போதுகூட அவர் காண்பது மேற்பாதியை மட்டுமே. கீழ்ப்பாதியில் ஓடுபாதையின் வரைபடமோ பின்புறக் காட்சியோ விரியும். கணிதச் சுமையைத் தாங்குவதற்கெனப் பேழையினுள்ளே தனியொரு செயலியும் பொருத்தப்பட்டது. பாதைகள் சிறியனவாயின, நிலம் தட்டையாயிற்று. இழந்தவற்றின் பட்டியல் நீளமானதே. ஆனால் இரண்டாமவர் வந்து சேரும்போது முதலாமவர் எதனையும் இழப்பதில்லை. இதனை ஒரு நாகரிகம் என்றே சொல்லவேண்டும். பிற்காலத்தில் வலு மிகுந்த எத்தனையோ இயந்திரங்களில் இந்நாகரிகம் வாய்க்கவில்லை.

நின்டென்டோ 64 கொன்சோல் 1996இல் வெளிவந்தபோது அதன் முகப்பிலேயே நான்கு கொன்ட்ரோலர்களுக்கான வாயில்கள் இருந்தன. நால்வர் கூடுவர் என்னும் எதிர்பார்ப்பு இயந்திரத்தின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருந்தது எனலாம். ஆயின் 4 மெகாபைட் நினைவகமும் 93.75 மெகாஹேட்ஸ் வேகமுடைய மையச் செயலியும் நான்கு முப்பரிமாணப் பார்வைகளைத் தாங்குவதற்கு எளிதிற் போதுவனவல்ல. அழைப்புக்கும் ஆற்றலுக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஒவ்வோர் ஆக்கத்தின் மேலும் விழுந்தது.

'மாரியோ கார்ட் 64' செய்த தெரிவு வியப்பூட்டுவது. மூவரோ நால்வரோ ஆடும்போது ஓட்டத்தின் பின்னணி இசை நின்றுவிடும். அக்கொன்சோலில் ஒலிக்கெனத் தனியான செயலி கிடையாது. காட்சியைக் கவனிக்கும் அதே உறுப்புக்களே ஒலியையும் கலக்கவேண்டும். ஆகவே இசைக்குச் செலவாகும் ஒவ்வொரு கணமும் காட்சியிலிருந்து பறிக்கப்படும் கணமாயிற்று. இவ்விழப்பைக் குறையென்று பதிவு செய்து அப்பாற் செல்வது எளிது. எனினும் நால்வர் கூடியிருக்கும் அறையில் இசையின் இடம் எது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தனித்து ஆடுபவருக்கு இசையே துணை. நால்வர் உள்ள இடத்தில் கூச்சலும் ஏச்சும் சிரிப்புமே நிறைந்திருக்கும். எதனை எடுத்தால் கூடியிருப்போர் மிகக் குறைவாக உணர்வர் என்பதை ஆக்கியோர் நன்கு அறிந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

1997இல் 'ரெயர்' நிறுவனம் ஆக்கிய 'கோல்டன்ஐ 007' இத்தகைய கணிப்பு எதனையும் செய்ததாகத் தோன்றவில்லை. மார்ட்டின் ஹொலிஸின் தலைமையில் உருவான அவ்விளையாட்டில் நால்வர் போட்டி என்பது இறுதிக் கட்டத்திலேயே சேர்ந்தது. ஸ்டீவ் எல்லிஸ் என்னும் நிரலாளரின் உழைப்பே அதிற் பெரும்பங்கு. நான்கு பார்வைகளும் ஒருங்கே திறந்திருக்க, குண்டுகள் அடுத்தடுத்து வெடிக்கும் வேளையில் காட்சி ஒவ்வொரு படமாக எண்ணத்தக்க அளவுக்குத் தளரும். இன்றைய அளவுகோலால் நோக்கின் அது விற்பனைக்கே தகுதியற்றது என்று தள்ளப்பட்டிருக்கும். ஆயினும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையான அவ்வாக்கம் இன்றளவும் நினைக்கப்படுவது பெரிதும் அந்நால்வர் போட்டிக்காகவே.

இதனை இளமை நினைவின் மயக்கம் என்று ஒதுக்கிவிடுவோர் ஒரு முக்கியமான உண்மையைக் காணத் தவறுகின்றனர். பிளவுத்திரையில் நிகழும் தளர்ச்சி பக்கச்சார்பற்றது. ஓர் இயந்திரம், ஒரு கடிகாரம். அது தயங்கினால் சுடுபவனும் தயங்குவான், சுடப்படுபவனும் தயங்குவான். நால்வரும் ஒரே தளர்ச்சியினுள் ஒருங்கே அகப்பட்டு, அது தீர்ந்ததும் ஒருங்கே வெளியேறுவர். இணையவழி ஆட்டத்தின் தாமதமோ அத்தகையதன்று. அங்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு தொலைவில், வெவ்வேறு தரமுடைய இணைப்பில் இருத்தலால், ஒருவரின் கணம் மற்றவரின் கணத்தோடு பொருந்துவதில்லை. நல்ல இணைப்புடையவன் பார்க்கும் எதிரி நிற்கும் இடமும், அவ்வெதிரி தன்னைக் காணும் இடமும் வேறு. அந்த வேறுபாட்டை மறைப்பதற்கெனவே ஊகித்துத் திருத்தும் முறைகள் பல வகுக்கப்பட்டுள்ளன. செக்கனுக்கு 60 படங்கள் என்னும் எண் இவ்வேற்றத்தாழ்வைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. ஆட்டத்தின் நீதி என்ற நோக்கில், சீராக ஓடும் நான்கு தனித்திரைகளிலும் பார்க்கத் தளர்ந்து ஓடும் ஒரு பொதுத்திரை மேலானதாக அமைந்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. மற்றவரின் கால்திரையை எட்டிப் பார்ப்பது அங்கு நியாயமா என்னும் பழைய வழக்கு வேறொன்று. 2014இல் வந்த 'ஸ்கிரீன்சீட்' அவ்வழக்கையே ஆட்டவிதியாக்கி, ஆட்டக்காரர் அனைவரையும் கண்ணுக்குப் புலனாகாதவராக்கி, பிறர் திரையைப் பார்த்தே அவரைத் தேடவேண்டும் என்று செய்துவிட்டது.

எனினும் தளர்ச்சிக்கு வக்காலத்து வாங்குவதிலும் ஓர் எல்லை வேண்டும். அதே நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பேர்பெக்ட் டார்க்' அவ்வெல்லையைக் காட்டுகின்றது. நால்வரோடு இயந்திரமே இயக்கும் எதிரிகளையும் அது களத்தில் இறக்கியது. கூடுதலாக 4 மெகாபைட் நினைவகத்தைத் தனியே வாங்கிப் பொருத்தினாலன்றி அதன் பெரும்பகுதி திறவாது. பொருத்திய பின்னரும் களம் நிறைந்த வேளைகளில் அதன் ஓட்டம் பெரிதும் தளர்ந்தது. கற்பனை வளத்தில் அது 'கோல்டன்ஐ'யை விஞ்சியது. ஆனால் இயந்திரத்தைப் பற்றிய அறிவை அக்கற்பனை புறக்கணித்தது. 2010இல் எக்ஸ்பொக்ஸ் 360இற்கென அது மீளாக்கப்பட்டு, செக்கனுக்கு 60 படங்களோடு வெளிவந்தபோது, பத்தாண்டுகளுக்கு முன்னர் ஆக்கியோர் மனத்தில் இருந்த விளையாட்டு எதுவென்பதைப் பலர் முதன்முறையாகக் கண்டனர். தன் காலத்து இயந்திரத்துக்கு எழுதப்படாத ஆக்கம் அது.

நேர்மையான தெரிவுக்கு உதாரணம் வேண்டின் 'மாரியோ கார்ட் 8'ஐக் காட்டலாம். 2014இல் வீ யூ கொன்சோலிலும், 2017இல் சுவிட்ச் கொன்சோலிலும் வந்த அவ்வாக்கம், ஒருவர்க்கும் இருவர்க்கும் செக்கனுக்கு 60 படங்களைத் தருகின்றது; மூன்றாமவர் வந்து அமர்ந்ததும் 30க்கு இறங்கிவிடுகின்றது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே தத்தளிப்பதைவிட, முப்பதில் உறுதியாக நிற்பது நன்று. கண்ணுக்கும் விரலுக்கும் வேண்டுவது வேகம் மட்டுமன்று, ஒழுங்குமாகும். திருப்பத்தில் எக்கணத்தில் விசையை விடவேண்டும் என்று கை கற்றுக்கொள்வது அவ்வொழுங்கின் மேலேயே. என்றாலும் இத்தெரிவில் ஒரு சிறு கசப்பு இல்லாமலில்லை. இருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது நண்பன் வந்து சேர்ந்தால், அவனுடைய வருகையே மற்றவரின் ஆட்டத்தைக் கண்கூடாகக் கரடாக்குகின்றது. 'சூப்பர் மாரியோ கார்ட்' தவிர்த்துக்கொண்ட சங்கடம் இது.

'ஹேலோ' வரிசையின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. 2001இல் முதலாவது எக்ஸ்பொக்ஸுடன் வந்த அவ்விளையாட்டு, கதைப்பகுதியை இருவரும் போட்டிப்பகுதியை நால்வரும் ஒரே திரையில் ஆட இடமளித்தது. அவ்வரிசையின் செல்வாக்குக்கு இக்கூடியாடல் ஒரு பெருங்காரணம். 2015 ஒக்டோபரில் 'ஹேலோ 5: கார்டியன்ஸ்' வந்தபோது பிளவுத்திரை முற்றாக நீக்கப்பட்டிருந்தது. செக்கனுக்கு 60 படங்கள் என்னும் இலக்கே காரணமாகக் கூறப்பட்டது. அவ்விலக்கைக் காக்கும்பொருட்டு, காட்சி கனக்கும் வேளைகளிற் கூர்மையைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் முறையையும் அவ்வாக்கம் கைக்கொண்டது. ஒரு பார்வைக்கே இவ்வளவு கெடுபிடி எனின், இரண்டாவது பார்வைக்கு அங்கு இடமிருக்கவில்லை என்பது தொழில்நுட்ப நோக்கில் ஏற்கத்தக்கதே.

ஆனால் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே அங்கு தோன்றிய முரண்பாட்டைத் தொழில்நுட்பத்தால் விளக்கிவிட முடியாது. 'ஹேலோ 5'இன் கதை நால்வர் கொண்ட அணிகளைப் பற்றியது. களங்கள் நால்வர் சூழ்ந்து தாக்குவதற்கென்றே விரிந்துள்ளன. வீழ்ந்த தோழனை மற்றவன் தூக்கிவிடுதல் ஆட்டத்தின் அடிப்படைச் செயல். தோழமையையே பொருளாகக் கொண்ட அவ்வாக்கத்தை நால்வர் கூடி ஆடுவதற்கு நான்கு கொன்சோல்கள், நான்கு பிரதிகள், அன்றைய நிலையில் நான்கு கட்டணச் சந்தாக்கள் தேவைப்பட்டன. அருகில் அமர்ந்திருக்கும் தோழன் மட்டும் வேண்டப்படாதவனானான். செக்கனுக்கு 60 என்ற இலக்கு பிழையானதன்று. எதனைக் காப்பதற்காக எது விடப்பட்டது என்று பார்க்கும்போது, அவ்வாக்கம் தன் பொருளின் உயிரையே விட்டுத் தன் மேனியைக் காத்தது என்றே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.

343 இன்டஸ்ட்ரீஸின் தலைவராக அன்றிருந்த பொனி ரொஸ், 2017 பெப்ரவரியில், இனி வரும் ஹேலோ சுடுகளங்கள் யாவற்றிலும் பிளவுத்திரை இருக்கும் என்று பகிரங்கமாக உறுதி கூறினார். 2021 டிசெம்பரில் 'ஹேலோ இன்ஃபினிட்' போட்டிப்பகுதியில் பிளவுத்திரையோடும், கதைப்பகுதியில் எவ்விதக் கூடியாடலும் இன்றியும் வந்தது. இணையவழிக் கூடியாடல் 2022 நவம்பரில் வந்தது. ஒரே திரைக் கூடியாடலோ அதற்கு முன்னரே கைவிடப்பட்டுவிட்டது. இதற்கிடையில், மெனுக்களைக் குறித்ததோர் ஒழுங்கிற் கடந்து சென்றால் கதைப்பகுதியைப் பிளவுத்திரையில் ஆட முடிகின்றது என்று ஆட்டக்காரர் சிலர் கண்டுபிடித்தனர். முடியாது என்றது பொய் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்பட்டது. அவ்வளவு விரைந்து முடிவுகட்டுதல் பொருந்தாது. புதிய, வலுமிக்க கொன்சோலில் ஒரு மாலைப்பொழுது ஓடுவதும், 2013இல் வந்த பழைய எக்ஸ்பொக்ஸ் வன் வரை எல்லாவற்றிலும் குறையின்றி ஓடும் என்று உத்தரவாதம் தருவதும் வேறு. ஆனால் பாதிக்கு மேல் கட்டப்பட்ட வீடு ஒன்று அங்கே நின்றது என்பதை அக்கண்டுபிடிப்பு ஐயமற நிறுவியது. நின்றுபோனது கட்டும் வேலை. அதற்கு ஒதுக்கப்பட்ட ஆட்களும் நாட்களும் வேறெங்கோ மாற்றப்பட்டன; நிறுவனமும் தன் அறிவிப்பில் ஏறக்குறைய அவ்வாறே கூறியது.

இவ்விடத்தில் 'இட் டேக்ஸ் டூ'வைக் குறிப்பிடாமற் செல்லமுடியாது. ஜோசப் ஃபாரெஸின் தலைமையில் ஸ்வீடனின் 'ஹேஸ்லைட்' குழுவினர் 2021இல் வெளியிட்ட அவ்விளையாட்டைத் தனியொருவர் ஆடவே முடியாது. இருவரும் வெவ்வேறு வீடுகளிலிருந்து இணையவழி ஆடினாலும் திரை பிளந்தே இருக்கும். தோழன் என்ன செய்கின்றான் என்பதை எப்போதும் காணலாம். இரண்டு பார்வைகளின் செலவு முதல் நாளிலேயே கணக்கில் எடுக்கப்பட்டமையால், அச்செலவு சிக்கலாக முளைப்பதில்லை. சில கட்டங்களிற் பிளவுக்கோடு நகர்கின்றது, சாய்கின்றது, மறைந்து இரு பார்வைகளும் ஒன்றாகின்றன. ஒரு பிரதியை வாங்கியவர் மற்றவரை இலவசமாக அழைக்கவும் இடமுண்டு. அவ்வாண்டின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்னும் விருதை அது பெற்றபோது, கூடியாடல் வழக்கொழிந்துவிட்டது என்ற பேச்சு சற்று அடங்கியது. ஆயினும் அதனை எல்லா ஆக்கங்களுக்கும் முன்மாதிரியாக நிறுத்துவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதன் பாதை ஒற்றைப் பாதை. இருவரும் ஒருவரையொருவர் விட்டு வெகுதூரம் போய்விட முடியாதவாறு களங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே நினைவகத்துக்கு நேரக்கூடிய நெருக்கடி வாசலிலேயே தடுக்கப்படுகின்றது. இருவரையும் தம் விருப்பப்படி திரியவிடும் ஆக்கத்துக்கு இந்த வழி திறந்திருப்பதில்லை.

அவ்வாறு திரியவிட்ட ஆக்கமே 'போல்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியத்தின் 'லாரியன்' நிறுவனம் அதனை 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி கணினிகளிலும், செப்டெம்பர் 6ஆம் திகதி பிளேஸ்டேஷன் 5இலும் வெளியிட்டது. எக்ஸ்பொக்ஸில் அது தாமதித்தமைக்குக் காரணம் பிளவுத்திரையே. மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒரே தலைமுறையில் இரு கொன்சோல்களை விற்றது: 16 கிகாபைட் நினைவகமுடைய 'சீரிஸ் எக்ஸ்', 10 கிகாபைட் மட்டுமேயுடைய மலிவான 'சீரிஸ் எஸ்'. ஒன்றில் உள்ள வசதி மற்றையதிலும் இருக்கவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. பிளவுத்திரை பெரியதில் ஓடிற்று, சிறியதில் ஓடவில்லை. ஆகவே இரண்டிலும் விளையாட்டே வெளிவர இயலாது தேங்கியது. இங்கு ஆட்டம் முறைவைத்து ஆடப்படுவது; செக்கனுக்கு எத்தனை படம் என்பது சுடுகளத்திற்போல உயிர்ப்பிரச்சினை அன்று. முட்டுக்கட்டையாக நின்றது நினைவகமே. நகரின் ஒரு மூலையில் ஒருவர் வணிகரோடு பேரம் பேச, மறு மூலையில் மற்றவர் நிலவறையொன்றிற் போரைத் தொடங்கிவிடுவார். இரண்டையும் அவ்வியந்திரம் ஒருங்கே ஏந்தவேண்டும்.

ஓகஸ்ட் 24ஆம் திகதி, சீரிஸ் எஸ்ஸில் பிளவுத்திரை இன்றியே வெளியிட இணக்கம் காணப்பட்டுள்ளது என்று லாரியன் தலைவர் ஸ்வென் விங்கே அறிவித்தார். டிசெம்பரில் விளையாட்டு வெளிவந்தது. வலு குறைந்த இயந்திரம் மற்றவற்றையும் பின்னிழுக்கின்றது என்று பலர் அதனைச் சாடினர். சமத்துவ விதியை மைக்ரோசொப்ட் தளர்த்தியதை வரவேற்றோரும் அவர்களே. ஆனால் இவ்விணக்கத்தில் விலைகொடுத்தவர் யாவர் என்ற வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. கூடிய விலைக்குக் கொன்சோல் வாங்க இயலாத வீட்டிலேதான், ஒரே இயந்திரத்தை உடன்பிறந்தோர் பகிர்ந்து ஆடும் தேவையும் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பிளவுத்திரையை மிக வேண்டியிருந்த வீட்டிலிருந்தே அது எடுக்கப்பட்டது.

முடியாதது என்ற சொல்லின் பொருளையும் இந்நிகழ்ச்சியை வைத்தே சோதிக்கலாம். 2025 ஏப்ரல் 15ஆம் திகதி வெளிவந்த எட்டாவது திருத்தத்தொகுப்பு சீரிஸ் எஸ்ஸுக்கும் பிளவுத்திரையைக் கொண்டுவந்தது. இயந்திரத்தின் நினைவகம் ஒரு பைட்டேனும் கூடவில்லை. வெளியீட்டுக்குப் பின்னரும் நிரலாளர் தொடர்ந்து உழைத்தமையே மாறியது. முடியாது என்பது அங்கு இயற்கையின் தடையாக இருக்கவில்லை. குறித்த நாளுக்குள், குறித்த ஆட்களால் முடியாது என்பதாகவே இருந்தது. 'ஹேலோ இன்ஃபினிட்' நிறுத்திக்கொண்ட இடத்தில் 'போல்டர்ஸ் கேட் 3' தொடர்ந்து சென்றது. இரு நிறுவனங்களின் நெருக்கடிகளும் ஒன்றல்ல. ஒன்று விற்பனையின் உச்சத்தில் இருந்தது, மற்றையது வெளியீட்டின் பின்னர் ஆட்டக்காரரைத் தக்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தது. அதனை ஏற்றுக்கொண்டாலும், இயந்திரத்தின் வலு பற்றிய வாதத்தை இனி எவர் முன்வைப்பினும் அவர் இந்த ஏப்ரல் மாதத்துக்கும் விடை கூறவேண்டியிருக்கும்.

மதிப்புரை எழுதுவோர்க்கு இதில் ஒரு பங்குண்டு. 2023 டிசெம்பரில் எக்ஸ்பொக்ஸ் வெளியீடு வந்தபோது, சீரிஸ் எஸ்ஸில் ஒருவர் ஆடும்போது காட்சி எவ்வளவு கூர்மையாக உள்ளது என்பது நுணுக்கமாக அளக்கப்பட்டது. பிளவுத்திரை இன்மை ஒரு வாக்கியத்துடன் பெரும்பாலும் கடந்து செல்லப்பட்டது. ஒருவர்க்குரிய எண் எதுவோ அதுவே ஆக்கத்தின் எண் என்று கொள்ளப்படும் வரையில், இரண்டாவது கொன்ட்ரோலரை இணைத்துப் பார்க்கும் அக்கறை தயாரிப்பாளரிடத்தில் மட்டும் எவ்வாறு பிறக்கும்? மூன்றாமவர் வந்தால் என்னாகும், இருவர் எதிரெதிர்த் திசையில் ஓடினால் என்னாகும், நால்வரும் ஒரே அறையில் வெடிகுண்டு எறிந்தால் என்னாகும் என்பவற்றை அளந்து எழுதுவதற்கு நண்பர் மூவரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். சீரிஸ் எஸ் வாங்கிய வீடுகளில் இரண்டாவது கொன்ட்ரோலர் பதினாறு மாதங்கள் அவ்விளையாட்டுக்கு உதவாமற் கிடந்தது.